ஏழாம் இயல்: நீங்கள் பார்த்த பதிப்பு எது?

ஆய்வேடு கைக்கு வந்ததும் முன்னுரையிலிருந்து படிக்கத் தொடங்கும் புறத்தேர்வாளர்கள் குறைவு. பலர் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அங்கே துணைநூற்பட்டியலில் ‘தொல்காப்பியம், கழக வெளியீடு, சென்னை’ என்று ஒரு வரி கிடந்தால் போதும், பென்சிலைக் கையில் எடுத்துவிடுவார்கள். எந்த அதிகாரம், யார் உரை, எந்த ஆண்டுப் பதிப்பு என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் எழும். வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாதவர், உள்ளே எவ்வளவு நல்ல வாதம் வைத்திருந்தாலும் பாதி மதிப்பை இழந்துவிடுகிறார்.

சான்று காட்டும் முறைகள் பல உண்டு. எம்.எல்.ஏ. முறையின் ஒன்பதாம் பதிப்பு 2021-இல் வந்தது. ஏ.பி.ஏ. முறை இப்போது ஏழாம் பதிப்பில் இருக்கிறது. சிகாகோ முறை 2024-இல் பதினெட்டாம் பதிப்பைக் கண்டது. இவற்றில் எதைப் பின்பற்றுவது என்று மாணவர்கள் மாதக்கணக்கில் கவலைப்படுகிறார்கள். அது அவ்வளவு பெரிய கவலை இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் எதைச் சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். எதையும் சொல்லாவிட்டால் நெறியாளரிடம் கேட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை மாறாதிருங்கள். காற்புள்ளி இடுவதா முற்றுப்புள்ளி இடுவதா என்பதை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். எந்தக் கையேடும் உங்களுக்காகச் செய்து தராத வேலை ஒன்று உண்டு. இந்தச் செய்தியை நீங்கள் எதில் பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுவதுதான் அது. இந்த இயல் முழுக்க அதைப் பற்றியதே.

உரையாசிரியர்கள் விட்டுச்சென்ற வேலை

மேற்கோள் காட்டுவது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் உரையாசிரியர்கள் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள் காட்டியவர்கள். ஆனால் நூலின் பெயரைச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் குறைவு. சீவக சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஓர் அடியை எடுத்துக்காட்டிவிட்டு, பிறரும் இப்படிச் சொன்னார் என்பதோடு பல இடங்களில் நிறுத்திக்கொள்கிறார். அவர் காலத்துப் படிப்பாளிக்கு அது போதும். அவனுக்கு நூல்கள் மனப்பாடம். சில நூற்றாண்டுகள் கழித்துச் சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்த உ.வே. சாமிநாதையருக்கு அது போதவில்லை. அந்த அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடிப் போனதில்தான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர் கைக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894 என்று பதிப்புகள் வரிசையாக வெளிவந்தன.

அந்தப் பதிப்புகளின் முகவுரைகளை ஒரு முறையாவது நிதானமாகப் படியுங்கள். எந்தெந்த ஏட்டுச்சுவடிகள் கிடைத்தன, அவை யார் வீட்டிலிருந்து வந்தன, எது குறைப்பிரதி என்றெல்லாம் ஐயர் எழுதிவைத்திருப்பார். எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கக் கிடைக்கவில்லை என்று வாசகனிடம் ஒப்படைக்கும் அந்தப் பழக்கம் உங்கள் ஆய்வேட்டுக்கும் அப்படியே வேண்டும்.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

பழந்தமிழ் நூல்களுக்குப் பக்க எண் கொடுப்பதில்லை. பாட்டு எண்ணும் அடி எண்ணும் கொடுப்பதே மரபு. (புறம். 192), (குறுந். 40: 1–3), (தொல். சொல். 1) என்று சுருக்கமாகப் பத்தியிலேயே எழுதிவிடலாம். சுருக்கக் குறியீடுகளின் விரிவை ஆய்வேட்டின் தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் தந்துவிட்டால் அடிக்குறிப்புகளில் பெரும் சுமை குறையும்.

வசதியான முறைதான். ஆனால் எண் எல்லாப் பதிப்புக்கும் பொது என்று நினைத்துவிடக் கூடாது. புறநானூறு, குறுந்தொகை போன்ற தொகைநூல்களில் எண்கள் பெரும்பாலும் நிலைத்துவிட்டன. அங்கே தொல்லை குறைவு. தொல்காப்பியத்தில் அப்படி இல்லை. சொல்லதிகாரத்தை இளம்பூரணர் 456 நூற்பாக்களாகக் கொள்கிறார், சேனாவரையர் 463-ஆகக் கொள்கிறார். ஒருவர் ஒரே நூற்பாவாகக் கண்டதை மற்றவர் இரண்டாகப் பிரித்திருப்பார். அதிகாரத்தின் பின்பகுதிக்குப் போகப் போக எண்கள் விலகிக்கொண்டே போகும். எனவே ‘தொல். சொல். 400’ என்று எழுதினால் யார் உரைப்படி என்பது சேர்ந்தே வர வேண்டும்: (தொல். சொல். சேனா. 400).

திருக்குறளிலும் இந்தச் சிக்கல் உண்டு. இன்று நாம் பழகிவிட்ட 1 முதல் 1330 வரையிலான வரிசை பரிமேலழகருடையது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறு. மணக்குடவரைப் பற்றி ஆய்வு செய்பவர் பரிமேலழகர் எண்ணைப் பயன்படுத்துவதில் தவறில்லை; ‘எண்கள் பரிமேலழகர் வைப்புமுறைப்படி’ என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால் போதும். அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனையோ ஒப்பீட்டு ஆய்வுகளில் வாசகர் பக்கத்தைத் தேடி அலைய நேர்கிறது.

கம்பராமாயணம் இன்னும் பெரிய காடு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். இடைச்செருகல் என்று ஒரு பதிப்பாளர் ஒதுக்கிய பாடலை இன்னொருவர் மூலத்தில் சேர்த்திருப்பார். வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் பதிப்பு, அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பு, கம்பன் கழகப் பதிப்பு என மூன்றையும் அருகருகே விரித்து வைத்தால் தொடர் எண்கள் ஒத்துப்போகாது. ஆகவே ‘கம்ப. 4523’ என்பது முகவரியே ஆகாது. காண்டம், படலம், படலத்துக்குள் பாடல் எண், பதிப்பு ஆகிய நான்கும் வேண்டும்.

எண் சரியாக இருந்தும் பாடம் மாறுவது உண்டு. குறுந்தொகையை 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்தார்; சாமிநாதையர் பதிப்பு 1937-இல் வந்தது. இரண்டுக்கும் இடையே பாடவேறுபாடுகள் உண்டு. ஒரு சொல்லை வைத்து வாதம் கட்டுகிறீர்கள் என்றால் அந்தச் சொல் எந்தப் பதிப்பில் அப்படி இருக்கிறது என்று சொல்வது உங்கள் கடமை. மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் சந்தி பிரித்தவை. படிக்க எளிது, மாணவர்கள் அவற்றையே கையில் வைத்திருப்பார்கள். மேற்கோளை அதிலிருந்து எழுதிவிட்டுப் பட்டியலில் சாமிநாதையர் பதிப்பைப் போடுவது மிகப் பரவலான பழக்கம். பார்த்ததும் தெரிந்துவிடும்: சாமிநாதையர் பதிப்பில் அந்த அடி சந்தி பிரியாமல் நிற்கும். நீங்களே பிரித்து எழுதினால் ‘சந்தி பிரிப்பு ஆய்வாளருடையது’ என்று குறியுங்கள்.

தொல்காப்பியப் பொருளதிகாரம் இதற்குக் கூர்மையான எடுத்துக்காட்டு. சி.வை. தாமோதரம் பிள்ளை 1885-இல் அதை நச்சினார்க்கினியர் உரை என்றே முழுமையும் வெளியிட்டார். பின்பகுதி இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதை ரா. இராகவையங்கார் பிற்பாடு ‘செந்தமிழ்’ இதழில் எடுத்துக்காட்டினார். இன்று அந்த 1885 பதிப்பை மின்னூலாக இறக்கி, மெய்ப்பாட்டியல் உரையை ‘நச்சினார்க்கினியர்’ என்று மேற்கோள் காட்டும் மாணவர் முகப்புப் பக்கத்தை உள்ளபடி எழுதியவர்தான். ஆனாலும் பிழை செய்தவர். பதிப்பு உள்ளபடி பட்டியலில் இருக்கட்டும். உரை யாருடையது என்ற பிற்கால முடிவு அடிக்குறிப்பில் வரட்டும்.

பெயரை எப்படித் திருப்புவது

மேலை முறைகள் எல்லாம் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. அதனால் தமிழ்த் துறைகளில் இயற்பெயரை முன்னே வைத்துத் தலைப்பெழுத்தைப் பின்னே தள்ளும் வழக்கம் வந்தது. ‘வரதராசன், மு. தமிழ் இலக்கிய வரலாறு. புது தில்லி: சாகித்திய அகாதெமி, 1972.’ இது எம்.எல்.ஏ. சாயல். பத்திக்குள் (வரதராசன் 85) என்று வந்தால் போதும். ஏ.பி.ஏ. என்றால் ஆண்டு பெயரை அடுத்து வரும், பத்திக்குள் (வரதராசன், 1972, ப. 85). அடிக்குறிப்பு முறையில் பெயரைத் திருப்ப வேண்டாம்: மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு, ப. 85. (பக்க எண் இங்கே எடுத்துக்காட்டுக்காக மட்டும்.)

புகழ்பெற்ற சுருக்கங்கள் ஆளைக் கவிழ்க்கும். உ.வே.சா. என்பதில் ‘உ’ ஊர், ‘வே’ தந்தை, ‘சா’ அவர் பெயரே. ஆகப் பட்டியலில் ‘சாமிநாதையர், உ.வே.’ என்றுதான் வரும். ‘சா., உ.வே.’ என்று அச்சான பட்டியல்களும் உலவுகின்றன. மு.வ., தெ.பொ.மீ. ஆகியோருக்கும் இதே கதைதான். புனைபெயரில் எழுதியவரைப் புனைபெயரிலேயே வரிசைப்படுத்துங்கள். புதுமைப்பித்தனை ‘விருத்தாசலம், சொ.’ என்று வைத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். முனைவர், பேராசிரியர், மகாமகோபாத்தியாய, தமிழ்த்தென்றல் போன்ற பட்டங்கள் பட்டியலில் ஏறக் கூடாது. மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்குபவர்கள் நன்றியுரையில் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என ஒரே மனிதர் மூன்று நூல்களின் முகப்பில் மூன்று விதமாக அச்சாகியிருப்பார். பட்டியலில் ஒரே வடிவத்தைக் கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் அவர் மூன்று இடங்களில் மூன்று ஆசிரியராகப் பிரிந்து கிடப்பார். ஸோட்டேரோ போன்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பெயரை இரண்டு கட்டங்களாகப் பிரிக்காமல் ஒரே கட்டமாக மாற்றும் வசதியைப் பயன்படுத்தலாம். புனைபெயருக்கும் நிறுவனப் பெயருக்கும் அது கைகொடுக்கும்.

ஆண்டு என்னும் பொறி

தமிழ்ப் புத்தகத்தின் முகப்புக்குப் பின்பக்கத்தில் ‘முதற்பதிப்பு’, ‘மறுபதிப்பு’ என்று சில நேரம் ஏழெட்டு ஆண்டுகள் அடுக்கியிருக்கும். உங்கள் கையில் இருக்கும் பிரதி எந்த ஆண்டோ அதுவே பட்டியலுக்குரிய ஆண்டு, ஏனென்றால் நீங்கள் தரும் பக்க எண் அந்த அச்சுக்கே உரியது. கருத்து எப்போது பிறந்தது என்பது வாதத்துக்கு முக்கியம் என்றால் முதற்பதிப்பின் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

பாரதி ஆய்வாளர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பாரதி படைப்புகள் 1949-இல் அரசுடைமை ஆனபின் எவரும் அச்சிடலாம் என்றாகி, சந்தையில் பதிப்புகள் குவிந்தன. தலைப்பு மாறியவை, பாடம் சிதைந்தவை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. மலிவுப் பதிப்பிலிருந்து வரி எடுத்து, அந்த வரியின் சொல்லாட்சியை வியந்து இரண்டு பக்கம் எழுதிய பிறகு அது அச்சுப்பிழை என்று தெரியவந்தால் என்ன செய்வது? சீனி. விசுவநாதனின் காலவரிசைத் தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கவிதை முதலில் வெளிவந்த இதழையும் தேதியையும் அங்கிருந்து எடுத்தால், எடுத்தது அங்கிருந்து என்பதையும் எழுதுங்கள். இதழையே புரட்டிப் பார்த்ததுபோலக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

பழைய நூல்களில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். ஜய வருஷம் என்றால் 1834, 1894, 1954, 2014 ஆகியவற்றில் எது என்பதை அச்சகத்தையும் ஆசிரியர் காலத்தையும் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். மாதத்தையும் பாருங்கள்: 1894-இல் பிறந்த ஜய வருஷத்தின் தை மாதம் 1895 சனவரியில்தான் வரும். திருவள்ளுவர் ஆண்டு போட்ட நூல்களில் 31-ஐக் கழித்தால் பொது ஆண்டு கிடைக்கும், தி.பி. 2035 என்பது 2004. நூலில் உள்ளதை முதலில் எழுதி, நீங்கள் கணக்கிட்டதைப் பகர அடைப்புக்குள் இடுங்கள்.

பார்க்காத நூலைப் பார்த்ததாக எழுதுவது

நேர்மைக் குறைவு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. கைலாசபதியின் ஆங்கில நூலை 1968-இல் ஆக்ஸ்ஃபர்டு வெளியிட்டது. மாணவர் படித்தது யாரோ ஒருவருடைய கட்டுரை. அதில் கைலாசபதியின் ஒரு பத்தி எடுத்தாளப்பட்டிருந்தது. பட்டியலில் ஏறுவதோ ஆக்ஸ்ஃபர்டு நூல், பக்க எண்ணோடு. கட்டுரையாளர் பக்கத்தைத் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறு அப்படியே உங்கள் ஏட்டில் வந்து உட்காரும். அடுத்த தலைமுறை ஆய்வேடுகளுக்கும் போகும். ஒரே தவறான பக்க எண் பல ஆய்வேடுகளில் வரிசையாக வருவதைப் பார்த்தால், அவர்களில் மூலநூலைத் திறந்தவர் எவரும் இல்லை என்று சொல்லிவிடலாம். ‘கைலாசபதி, இன்னார் எடுத்தாண்டது’ என்று எழுதி, நீங்கள் படித்த கட்டுரையைப் பட்டியலில் சேருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சில நூல்களுக்கு அதைத் தவிர வேறு வழியே கிடையாது. தகடூர் யாத்திரை முழுநூலாகக் கிடைக்கவில்லை; புறத்திரட்டிலும் உரைகளிலும் சிதறிய பாடல்களே மிச்சம். அதை யார் மேற்கோள் காட்டினாலும் மேற்கோளின் மேற்கோள்தான்.

மொழிபெயர்ப்பைப் படித்தவர் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் போட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு போன்ற நூல்களில் மட்டும் ஒரு வசதி உண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது, தமிழ்ப் பதிப்புகள் தனியே வந்தன. பக்கங்கள் ஒத்துப்போகாவிட்டாலும் நாட்குறிப்பின் தேதி ஒன்றே. தேதியைக் கொடுத்துவிட்டால் எந்தப் பதிப்பு வைத்திருப்பவரும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

கல்வெட்டுகளுக்கும் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும்தான் முகவரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன, (தெ.இ.க. 2: 1) என்றால் ஆய்வாளர் உலகம் புரிந்துகொள்ளும். முழுப் பாடம் அச்சாகாத கல்வெட்டுக்குக் கல்வெட்டு ஆண்டறிக்கையின் ஆண்டும் எண்ணும் கொடுங்கள். ஆண்டறிக்கை தருவது சுருக்கம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு கல்வெட்டின் சொற்களைப் பற்றிப் பேச முடியாது. கோயிலுக்குப் போய் நேரில் படித்திருந்தால் எந்தச் சுவர், எந்தப் பக்கம், என்று படித்தீர்கள் என்பதை எழுதுங்கள்.

இணையமும் ஒப்புமைச் சோதனையும்

மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. அதன் மின்பாடங்கள் பலவற்றின் தலைப்பகுதியில் எந்த அச்சுப் பதிப்பிலிருந்து உள்ளிட்டார்கள் என்ற குறிப்பு இருக்கும். அதையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்திலோ ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளத்திலோ பக்கப் படமாகப் பார்த்தது அச்சு நூலுக்குச் சமம்; அச்சு விவரங்களைத் தந்து தளத்தின் பெயரைச் சேர்த்தால் போதும். விக்கிப்பீடியாவை ஆதாரமாகக் காட்டாமல் அது சுட்டும் நூலுக்குப் போங்கள். கட்டுரையே ஆய்வுப்பொருள் என்றால் அந்த நாளுக்குரிய நிலையான இணைப்பைக் கொடுங்கள்.

இனி ஒப்புமைச் சோதனை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்கத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய சான்றோடு தந்த மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேர மாட்டா. இதைத் தெரிந்துகொள்ளாமல், விழுக்காட்டுக்குப் பயந்து மேற்கோளைச் சொல் மாற்றி எழுதி, சான்றையும் நீக்கிவிடுகிறார்கள் சிலர். அப்போதுதான் அது உண்மையில் திருட்டாகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ள கோப்பு சோதனை மென்பொருளுக்குத் தமிழாகவே தெரியாது. விழுக்காடு பூச்சியம் என்று வரும். புறத்தேர்வாளரின் கண்ணுக்கு எழுத்துரு ஒரு பொருட்டில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் துணைநூற்பட்டியல் கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஆசிரியர் உண்மையானவராகவும் தலைப்பு இல்லாததாகவும் இருக்கும் வரிகளை அவை கூசாமல் எழுதித் தரும். நூலகத்தின் பட்டியலில் நீங்களே கண்ணால் பார்க்காத எந்த வரியும் உங்கள் பட்டியலில் ஏற வேண்டாம்.

ஒப்படைக்கும் முன்

‘மேலது’ என்னும் குறிப்பைப் பற்றி எச்சரிக்காமல் இந்த இயலை முடிக்க முடியாது. கையால் எழுதிய காலத்தில் அது இடத்தை மிச்சப்படுத்தியது. கணினியில், 31-ஆம் அடிக்குறிப்புக்கும் 32-க்கும் நடுவே நெறியாளர் சொன்னதற்காக ஒரு புதுக் குறிப்பை நுழைக்கிறீர்கள். பழைய 32-இல் இருந்த ‘மேலது, ப. 45’ இப்போது வேறொரு நூலைச் சுட்டுகிறது. மென்பொருள் எண்ணை மாற்றும், பொருளை மாற்றாது. சிகாகோ முறையே இத்தகைய குறியீட்டைக் கைவிடச் சொல்கிறது. ஆசிரியர் பெயரும் தலைப்பின் முதற்சொல்லும் பக்கமும் கொண்ட சுருக்கக் குறிப்பை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். பழக்கத்தை விட முடியாதவர்கள் வரைவு முழுக்கச் சுருக்கக் குறிப்பாகவே வைத்திருந்து, அச்சுக்குப் போகும் நாளில் மேலது ஆக்கிக்கொள்ளலாம்.

அச்சுக்கு முன் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். துணைநூற்பட்டியலைத் தனியே அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, சான்று வரும் ஒவ்வொரு முறையும் பட்டியலில் ஒரு கோடு இடுங்கள். கடைசியில் கோடு விழாத நூல்கள் நீங்கள் பயன்படுத்தாதவை; அடித்துவிடுங்கள். ஏட்டில் வந்து பட்டியலில் இல்லாதவற்றைச் சேருங்கள். பிறகு பத்து மேற்கோள்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்து, நூலகத்துக்குப் போய் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பத்தில் இரண்டு பிழை கண்டாலும் மீதி அனைத்தையும் ஒப்பிட வேண்டியதுதான். ஒப்படைக்கும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி நெறியாளரிடம் அன்றே பேசிவிடுங்கள்.